ஒரு தாள், 15 கேள்வி: வார்டில் மூத்தோர் மனச்சோர்வு அளவுகோல் எவ்வளவு தூரம் உதவும்?

விலை இல்லை. உரிமக் கட்டணம் இல்லை. வேண்டியது ஒரு தாள், ஒரு பேனா, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, ஐந்து முதல் ஏழு நிமிடம். தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் பக்கத்து மருத்துவமனைகளில் வயதானவர்களின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கக் கைக்கெட்டும் கருவிகளில் ஜி.டி.எஸ்-15 (15 கேள்வி மூத்தோர் மனச்சோர்வு அளவுகோல்) அளவுக்கு எளிமையானது வேறில்லை. எளிமையானது என்பதாலேயே அதைக் கெடுப்பதும் எளிது. நாற்காலியைச் சும்மா சொல்லவில்லை. நின்றபடி கேட்டால் பெரியவர்கள் நம் அவசரத்தைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்கேன், சிஸ்டர்" என்று முடித்துவிடுவார்கள்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் யெசாவேஜும் அவர் குழுவினரும் 30 கேள்விகளோடு உருவாக்கியது மூல அளவுகோல். 1986இல் ஷேக்கும் யெசாவேஜும் அதை 15 கேள்விகளாகச் சுருக்கினார்கள். இரண்டும் பொதுச் சொத்து, யாரும் அச்சடித்துக்கொள்ளலாம். எல்லாக் கேள்விக்கும் 'ஆமாம்', 'இல்லை' என்ற இரண்டே பதில். "சில நாட்களா, பல நாட்களா, ஏறக்குறைய தினமுமா" என்று தரம் பிரிக்கச் சொல்லும் தாள்களில் 80 வயதுக்காரர் இரண்டாம் கேள்வியிலேயே களைத்துப்போவார். இதில் அந்தத் தொல்லை இல்லை.

இந்தத் தாளின் உண்மையான பலம் அது கேட்காமல் விட்ட விஷயங்களில் இருக்கிறது. தூக்கம், பசி, எடைக் குறைவு, உடல் வலி பற்றி ஒரு கேள்விகூடக் கிடையாது. வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். கிளினிக்குகளில் புழங்கும் பி.எச்.கியூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளை வார்டில் பயன்படுத்திப் பாருங்கள், காரணம் புரியும். அதிலுள்ள 9 கேள்விகளில் தூக்கம், களைப்பு, பசி, கவனம், அசைவில் மந்தம் என்று 5 கேள்விகள் உடம்பையும் சார்ந்தவை. ஒன்றுக்கு 3 வீதம் 15 மதிப்பெண், வெட்டுப்புள்ளியோ, அதாவது மனச்சோர்வு இருக்கலாம் என்று சந்தேகிக்கும் எல்லையோ, 10. நிமோனியாவோடு படுத்திருப்பவர், விடியும் முன்னே பிரஷர் பார்க்க எழுப்பப்படுபவர், மனதில் துளி வருத்தம் இல்லாமலே 10ஐத் தாண்டிவிடலாம். பசி விஷயத்தில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. புரட்டாசியில் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டோங்காட் பக்கம் பல தமிழ் வீடுகளில் கவிச்சி சமைக்கமாட்டார்கள். பல பெரியவர்கள் வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமையும் தொடமாட்டார்கள். தட்டில் கோழி வந்தால் ஆயா (பாட்டி) மூடிவைத்துவிடுவார். சார்ட்டில் 'சாப்பிட மறுக்கிறார்' என்று ஏறும். பிறகு அது பசியின்மைக்கு ஒரு மதிப்பெண்ணாகிவிடும். சேர்க்கும்போதே உணவுப் பழக்கத்தைக் கேட்டு எழுதிவைத்தால் இந்தக் குழப்பமே வராது.

இனி மதிப்பெண். தாள் அதிகம் சொதப்புவது இங்கேதான். 10 கேள்விகளில் 'ஆமாம்' என்றால் ஒரு புள்ளி. 1, 5, 7, 11, 13 ஆகிய ஐந்தில் 'இல்லை' என்றால் ஒரு புள்ளி, ஏனென்றால் அவை நல்ல நிலையைக் கேட்பவை: வாழ்க்கை திருப்தியா, பெரும்பாலும் உற்சாகமா, சந்தோஷமா, உயிரோடிருப்பது அருமையாகத் தோன்றுகிறதா, உடம்பில் தெம்பு இருக்கிறதா. அவசரத்தில் எல்லா 'ஆமாம்'களையும் கூட்டினால் என்ன ஆகும்? மனச்சோர்வே இல்லாதவர் இந்த ஐந்துக்கும் ஆமாம் சொல்லி 5 வாங்கி 'லேசான மனச்சோர்வு' பட்டியலில் சேர்வார். 15 வாங்க வேண்டிய கடும் சோர்வுக்காரர் 10இல் நின்றுவிடுவார். அச்சுப் பிரதியில் புள்ளி பெறும் பதில் தடித்த எழுத்தில் இருக்கும்; நகலின் நகலை எடுத்து எடுத்து வார்டுக்கு வரும்போது தடிப்பு மறைந்திருக்கும். மூலத் தாள் ஒன்றில் அந்த ஐந்து எண்களையும் பேனாவால் வட்டமிட்டுவிட்டு நகலெடுங்கள். வட்டமோ தடிப்போ உள்ள தாளை நோயாளி கையில் கொடுக்காதீர்கள். எது 'சரியான' பதில் என்று தேடுவார்.

0 முதல் 4 வரை இயல்பு, 5 முதல் 8 லேசானது, 9 முதல் 11 நடுத்தரம், 12 முதல் 15 கடுமை. இது சல்லடை மட்டுமே. மனச்சோர்வு என்று முடிவுகட்ட ஒருவர் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

'ஆமாம்' போட்டுக்கொண்டே போகும் பழக்கம் இங்கே பெரிய சிக்கல். நர்ஸ் ஜூலு பேசும் பெண். அன்பாக 'கோகோ' (ஜூலுவில் பாட்டி) என்று கூப்பிட்டு ஆங்கிலத்தில் கேட்கிறார். காது சரியாகக் கேட்காத நம் ஆயா மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் "யெஸ் சிஸ்டர்" என்கிறார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றால் சரியான கணக்கில் 10 வரும், நடுத்தர மனச்சோர்வு. இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. முதல் கேள்வி 'வாழ்க்கையில் திருப்தியா?', மூன்றாவது 'வாழ்க்கை வெறுமையாக இருக்கிறதா?'. இரண்டுக்கும் ஆமாம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். காது மெஷின் போட்டிருக்கிறாரா, பேட்டரி இருக்கிறதா, கேள்வி புரிந்ததா என்று பார்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். 5க்கும் 14க்கும் இதே சோதனை பொருந்தும்: 'உற்சாகமாக இருக்கிறேன்', 'என் நிலைமைக்கு விடிவே இல்லை' என்ற இரண்டும் ஒரே வாயிலிருந்து வரக்கூடாது.

மொழியைப் பொறுத்தவரை, ஒரு தாளுக்கு ஒரு மொழி. இந்த ஊர்ப் பெரியவர்கள் பலர் பள்ளியில் ஆங்கிலமும் வீட்டில் தமிழும் பேசி வளர்ந்தவர்கள். இன்றைக்கு எது சுலபமோ அதை அவர்களே சொல்லட்டும். பாதி ஆங்கிலம், பாதி தமிழ், நடுவில் பேத்தியின் விளக்கம் என்று போனால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. அவரவர் சொந்தமாக மொழிபெயர்த்துக் கேட்டால் வெட்டுப்புள்ளி நழுவும். எந்த மொழியில், யார் கேட்டார் என்று தாளின் மேலே எழுதுங்கள். குடும்பத்தாரை மொழிபெயர்ப்பாளராக வைக்கவே வேண்டாம். பார்வையாளர் நேரத்தில் கேட்டால் நடப்பது இதுதான்:

"ஆயா, போன ஒரு வாரத்தை மட்டும் நெனச்சுச் சொல்லுங்க. அடிக்கடி உதவியில்லாத மாதிரி தோணுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை, சிஸ்டர். அம்மா எப்பவும் ஜாலியாத்தான் இருப்பாங்க," என்று மகன் முந்திக்கொள்வார்.

ஆயா மகன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வார். அந்தக் கேள்விக்கு இனி உண்மைப் பதில் வராது. பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற நினைப்பே பலருக்கு நோயின் மையம். அதைப் பிள்ளை முன்னால் எந்தத் தாய் சொல்வார்? குடும்பத்தை டீ குடிக்க அனுப்பிவிட்டுத் திரையை இழுத்து மூடி, உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்ல விரும்புவதைத் தனியாகக் கேட்டு வேறு தாளில் எழுதிக்கொள்ளலாம். அதுவும் தேவைப்படும்.

நேரத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். சேர்ந்த முதல் இரண்டு நாள் வேண்டாம். பயமும் காய்ச்சலும் கலந்து பேசும். வலி மருந்து கொடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து, கண்ணாடியும் காது மெஷினும் போட்டபின், குளியலுக்கோ ஸ்கேனுக்கோ கூப்பிடாத நேரமாகப் பாருங்கள். சாயங்காலம் குழப்பம் கூடும் ஆட்களுக்குக் காலை நேரமே நல்லது.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று: நோயாளி தெளிவாக இருக்கிறாரா? சுவரைப் பார்த்துப் படுத்து, கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில், தட்டு அப்படியே இருக்கிறது என்றால் எல்லோரும் 'டிப்ரஷன்' என்பார்கள். அதில் கணிசமான பேருக்கு இருப்பது மந்தநிலை டெலிரியம், அதாவது திடீர்க் குழப்பம். மனச்சோர்வு வாரக்கணக்கில் ஊறி வரும். டெலிரியம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் வந்து, காலை ஒரு மாதிரி மாலை ஒரு மாதிரி ஏறி இறங்கும். சிறுநீர்க் கிருமி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, சோடியம் குறைவு, மார்பின் வகை வலி மருந்து, அமிட்ரிப்டிலின் எல்லாம் வழக்கமான காரணங்கள். இவருக்கு மனச்சோர்வு மாத்திரை எழுதினால் காரணம் உள்ளேயே வளர்ந்துகொண்டிருக்கும்.

ஆகவே ஜி.டி.எஸ் தாளுக்கு முன் டெலிரியத்தைப் பிடிக்கும் 4ஏ.டி சோதனை. அதுவும் இலவசம், இரண்டே நிமிடம். நான்கு பகுதி: விழிப்பு நிலை; வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், நடப்பு வருஷம் சொல்வது; மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்வது; நிலை திடீரென மாறியதா, ஏறி இறங்குகிறதா என்பது. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் டெலிரியமாக இருக்கலாம், ஜி.டி.எஸ்ஸை ஒத்திவைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். கடைசிப் பகுதிக்கு வீட்டார் தகவல் வேண்டும். "போன வாரம் வரைக்கும் தானே பேப்பர் படிச்சாங்க" என்ற ஒரு வாக்கியம் எத்தனையோ டெஸ்ட்டுக்குச் சமம்.

மறதிநோய் முற்றியவர்களுக்கும் ஜி.டி.எஸ் ஒத்துவராது. போன வாரம் எப்படியிருந்தது என்பதே நினைவில் இல்லாதவரிடம் 15 கேள்வி வீண். அவர்களுக்கு 1988இல் வந்த கார்னெல் அளவுகோல் இருக்கிறது: 19 அம்சங்கள், பெரும்பகுதி பராமரிப்பவரைக் கேட்டும் நோயாளியைக் கவனித்தும் நிரப்புவது, 10க்கு மேல் போனால் மனச்சோர்வு இருக்கக்கூடும். நல்ல கருவிதான், ஆனால் அரை மணி நேரம் கேட்கும். ஒரு ஷிப்டில் இரண்டு மூன்று பேருக்கு மேல் முடியாது.

சரி, தெளிவாக இருப்பவரிடம் ஒழுங்காகக் கேட்டு 5 வந்துவிட்டது. அந்த 5 எந்த ஐந்து? இடுப்பெலும்பு உடைந்து ட்ராக்ஷனில் கிடப்பவரிடம் 'வெளியே போய்ப் புதிதாக எதையும் செய்வதைவிட வீட்டிலேயே இருக்க விரும்புகிறீர்களா?' (9), 'பல வேலைகளையும் ஆர்வங்களையும் விட்டுவிட்டீர்களா?' (2), 'தெம்பாக இருக்கிறீர்களா?' (13) என்று கேட்பது கொஞ்சம் கேலிக்கூத்து. கட்டிலே மூன்று புள்ளி கொடுத்துவிடும். நினைவு பற்றிய 10ஐயும் சேர்த்தால் நான்கு. இந்த நான்கும், கூடவே சலிப்புக்கு (4) ஒன்றும் சேர்ந்து 5 வந்தால் அவசரப்படாமல் ஒரு வாரத்தில் மறுபடி கேட்கலாம். அதே 5 வெறுமை (3), உதவியின்மை (8), பயனற்றவர் என்ற உணர்வு (12), விடிவில்லை (14), திருப்தியில்லை (1) என்று வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் பேச வேண்டிய விஷயம். எண்ணை மட்டும் ஃபைலில் எழுதும் வழக்கத்தை விடுங்கள். எந்தெந்தக் கேள்வி என்றும் எழுதுங்கள். வார்த்தையை மாற்றிக் கேட்க வேண்டாம், "விழுவதற்கு முன் எப்படி?" என்பதைத் தனியாகக் கேட்டு ஓரத்தில் குறியுங்கள்.

இந்தத் தாளின் மன்னிக்க முடியாத குறை, தற்கொலை பற்றி ஒரு கேள்வியும் இல்லாதது. பி.எச்.கியூ-9 இந்த இடத்தில் முந்துகிறது. அதன் ஒன்பதாம் கேள்வியே அதுதான். 'உயிரோடிருப்பது அருமையாகத் தோன்றுகிறதா?' என்பதற்கு "சாமி கூப்பிட்டா போறேன்" என்று பதில் வந்தால் பெரும்பாலும் அது வயதின் நிதானம். எப்போதும் அப்படியல்ல. பிரித்தறிய அடுத்தடுத்து மூன்று கேள்வி: இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா? செத்துப்போனால் தேவலை என்று நினைக்கிறீர்களா? உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்தீர்களா, எப்படி என்று யோசித்தீர்களா? கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பலர் கேட்டதும் பெருமூச்சுவிட்டுப் பேசத் தொடங்குவார்கள். வாயால் சொல்லாமல் செய்கையில் காட்டுபவர்களும் உண்டு: இன்சுலின் வேண்டாம், மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிப் பிறகு தலையணைக்கடியில், டயாலிசிஸுக்கு வரமாட்டேன். திட்டம் இருக்கிறது என்றால் தனியே விடக்கூடாது. அதே ஷிப்டில் டாக்டருக்குத் தெரிய வேண்டும். சிகிச்சையை மறுத்தால், 2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 72 மணி நேர மதிப்பீட்டுக்கு வழியிருக்கிறது. வீடு திரும்பும் முன் இன்சுலின் பேனா, மிச்ச மாத்திரை, பூச்சிமருந்து, துப்பாக்கி எல்லாம் யார் கையில் என்று குடும்பத்தோடு முடிவு செய்யுங்கள். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு உதவும் சாடாக் அமைப்பின் 0800 567 567 என்ற தற்கொலைத் தடுப்பு எண்ணையும் எழுதிக்கொடுங்கள்.

மதிப்பெண் கூடுதலாக வந்தால் அடுத்தது ரத்தப் பரிசோதனை, மாத்திரை அதற்குப் பிறகு. டி.எஸ்.எச் (தைராய்டுக்கு), பி12, ஹீமோகுளோபின், சோடியம், கால்சியம், சர்க்கரை. நம்மவர்களுக்கு பி12 முக்கியம்: பல வருஷம் மெட்ஃபார்மின் எடுப்பவர், கவிச்சியும் குறைவாகச் சாப்பிடுபவர் என்றால் இரண்டு பக்கமும் அடி. மருந்துச் சீட்டையும் புரட்டுங்கள். ஸ்டீராய்டு எப்போது தொடங்கினார்கள், தூக்க மாத்திரை எத்தனை நாளாக ஓடுகிறது? பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பக்கவாதத்தால் பேச்சு புரியாமலோ பேசவே முடியாமலோ போனவர்களை இந்தத் தாளால் அளக்க முடியாது. பிசியோவில் ஒத்துழைக்க மறுப்பது, அடிக்கடி அழுவது ஆகியவற்றை வைத்தே பிடிக்க வேண்டும்.

அரசுப் பக்கத்தில் கிடைப்பவை ஃபுளுவாக்செடின், சிடலோபிராம், அமிட்ரிப்டிலின். மூன்றாவது வயதானவர்களுக்கு வேண்டாம் என்போம்: சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், எழுந்தால் தலைசுற்றல், விழுதல். சிடலோபிராம் 10 மில்லிகிராமில் தொடங்கலாம்; 60 வயதுக்கு மேல் 20ஐத் தாண்டக்கூடாது, இதயத் துடிப்பின் க்யூ.டி. இடைவெளி நீளும். இந்த வகை மாத்திரைகள் சோடியத்தை இறக்கும். பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு எடுப்பவருக்கு இன்னும் வேகமாக. ஒன்று இரண்டு வாரத்தில் சோடியம் பார்க்காவிட்டால், 'மாத்திரை போட்டும் இன்னும் மந்தமாக இருக்கிறார்' என்று அளவைக் கூட்டுவார்கள். உண்மையில் சோடியம் 120களில் இருக்கும். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு. இடுப்பு ஆபரேஷனுக்குப் பின் வழக்கமாக எழுதும் ட்ரமடாலோடு சேர்ந்தால் நடுக்கம், படபடப்பு, வலிப்பு வரை போகலாம்.

லேசான எண்ணுக்கு மாத்திரைக்கு முன் செய்ய வேண்டியவை மலிவானவை. பகலில் நாற்காலியில் உட்காரவைப்பது, சொந்த உடை, சவரம், நெற்றிக்கு விபூதி, காதில் இயர்போனோடு லோட்டஸ் எஃப்.எம். இந்திய வானொலி. வார்டில் இவற்றுக்கு யாருக்கும் நேரமில்லை என்பார்கள். இந்த இடத்தில் குடும்பத்தைப் பயன்படுத்துங்கள். பழக்கூடை கொண்டுவந்து கட்டில்முனையில் நின்று பேசுவதைவிட அப்பாவுக்குத் தாடி மழிப்பது மேல்.

கடைசியாக, எல்லா உழைப்பும் வீணாகும் இடம் டிஸ்சார்ஜ். மாத்திரை வேலை செய்ய 4 வாரம், வயதானவர்களுக்குச் சில சமயம் 8 முதல் 12 வாரம் ஆகும். படுக்கையோ அதற்கு வெகு முன்பே காலியாகும். கடிதத்தில் இடுப்பு இருக்கும், சர்க்கரை இருக்கும், பிரஷர் இருக்கும்; மனச்சோர்வு இருக்காது. கிளினிக்கில் மறுமாதம் 'இது எதற்கு?' என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். ஒரு வரி போதும்: "ஜி.டி.எஸ் 9/15, தமிழில், தேதி. 3, 8, 12, 14 ஆம். தற்கொலை எண்ணம் இல்லை. சிடலோபிராம் 10 மி.கி.; சோடியம் 10ஆம் நாள்; 6ஆம் வாரம் மறுபடி ஜி.டி.எஸ்." அதன் நகல் மகள் கைப்பையிலும் இருக்கட்டும்.

முதியோர் மானியம் வாங்குபவர்களுக்கு அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை. மெடிக்கல் எய்டு (தனியார் மருத்துவக் காப்பு) உள்ளவர்கள் ஒன்று கவனிக்க: சாதாரண மனச்சோர்வு, காப்புத் திட்டம் கட்டாயம் செலவு ஏற்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் கிடையாது, பைபோலார் உண்டு. ஆனால் கட்டாயக் குறைந்தபட்சப் பலன்களின் கீழ் பெரும் மனச்சோர்வுக்கு வருஷத்துக்கு 3 வாரம் வரை மருத்துவமனைச் சிகிச்சை, அல்லது 15 தடவை வரை வெளிநோயாளி உளச்சிகிச்சை உண்டு. கேட்காவிட்டால் யாரும் தாமாகச் சொல்வது அரிது.

எங்கள் மதிப்பெண்: தாளுக்கு 5இல் 4, தற்கொலைக் கேள்வி இல்லாததற்கு ஒன்று கழித்து. வார்டுகளில் அது பயன்படுத்தப்படும் விதத்துக்கு 5இல் 2, அதுவும் நாற்காலி போட்டு உட்காருகிற சிலரை நினைத்துக் கொடுப்பது.